பேஸ்மேக்கர் எத்தனை வருஷம் நிக்காம ஓடும்?

"டாக்டர், ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்குற மெஷின், சூடாகி நின்னுடாதா?" பேஸ்மேக்கர்னு சொன்னதுமே நிறைய பேர் கேக்குற கேள்வி இது. நியாயமான கேள்விதான். நிமிஷத்துக்கு 70 துடிப்புன்னா ஒரு வருஷத்துக்கு 3.6 கோடிக்கு மேல. இடையில ஆஃப் பண்ணி ஆறவைக்க முடியாது.

ஆனா அது எடுக்குற மின்சாரம் ரொம்பச் சொற்பம், சூடாகாது. பிரச்சினை எங்கே இருந்ததுன்னு தெரிஞ்சுக்க 1958-க்குப் போகணும்.

அக்டோபர் 8, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனை. ஆர்னே லார்சன், வயது 43. இதய மின்கடத்தல் தடைப்பட்டு தினமும் பலமுறை மயங்கி விழுவார். அவர் மனைவி எல்சே-மேரி விடாம வற்புறுத்தினதால, பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஒரு கருவி செஞ்சார். அதை உடலுக்குள்ள பொருத்தினவர் ஓகே சென்னிங். ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு ரீசார்ஜ் பேட்டரி. மேல எபாக்ஸி பிசின். பிசினை ஊத்தின அச்சு எது தெரியுமா? ஷூ பாலிஷ் டப்பா!

ஓடினது சில மணி நேரம்தான். உடனே மாத்து கருவி வச்சாங்க. அதுவும் ரொம்ப நாள் தாங்கல.

அடுத்து வந்த மெர்க்குரி பேட்டரிகள் சுமார் ரெண்டு வருஷம் தாங்கின. ஆனா அதுக்குள்ள ஹைட்ரஜன் வாயு உருவாகும். வாயு வெளியேறணும்னா கருவியை முழுசா மூடி சீல் வைக்க முடியாது. மூடலேன்னா உடம்பு ஈரம் பிசின் வழியா கசிஞ்சு சர்க்யூட்டைக் கெடுக்கும். பத்து வருஷத்துக்கும் மேல இந்தச் சிக்கல்தான்.

1972-ல லித்தியம்-அயோடின் பேட்டரி மனிதருக்குள் போனது. இதுல வாயு வராது. அதனால டைட்டானியம் பெட்டிக்குள்ள வெல்டிங் வச்சு மூட முடிஞ்சது. இன்னொரு நல்ல குணம், இது திடீர்னு சாகாது, மெதுவா இறங்கும். செக்கப்ல முன்கூட்டியே கண்டுபிடிச்சிடலாம் (அதனாலதான் 'நல்லாத்தானே இருக்கேன்'னு செக்கப்பைத் தள்ளிப்போடாதீங்கன்னு திட்டுறோம்!). இப்போ பொதுவா 8 முதல் 12 வருஷம் வரும். அப்புறம் பெட்டியை மட்டும் மாத்துவோம், ஒயர் நல்லா இருந்தா அதையே வச்சுக்கலாம்.

லார்சன்? மொத்தம் 26 பேஸ்மேக்கர். எல்ம்க்விஸ்ட் 1996-லயும் சென்னிங் 2000-லயும் காலமானாங்க. லார்சன் 2001 டிசம்பர்ல, 86 வயசுல இறந்தார். காரணம் இதயம் இல்ல, தோல் புற்றுநோய்.