பள்ளிக்கூடம் தேடிக் குடியேறுவோர்

மடவார் வளாகத்து நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “பிள்ளைகளின் படிப்புக்காக எந்த ஊரில் குடியேறலாம்? பள்ளிவாசல் அருகில் இருக்க வேண்டும். பல சமயத்தாரும் கலந்து வாழும் இடமாகவும் இருக்க வேண்டும்.”

கேள்வி பழையதே. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தில் கல்விக்குப் பெயர் பெற்றது பாளையங்கோட்டை. தூய யோவான் கல்லூரி 1878இலும், பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் அங்கே தோன்றின. மூன்றும் கிறிஸ்தவர் நிறுவியவை. அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை மறந்துவிடுமோ என அஞ்சி விலகி நின்ற பெற்றோர் நம்மில் உண்டு. அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆயினும் அதற்கு விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள் அன்றோ! அவர்களிலும் பெண்மக்களே மிகுதி.

1971இல் முஸ்லிம்கள் தாமே ஒரு கல்லூரி கண்டனர். காயல்பட்டினத்தில் பிறந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் பெயரை அதற்குச் சூட்டினர். ஆனால் அதைக் காயலில் அமைக்கவில்லை. நம்மவர் திரண்டு வாழும் மேலப்பாளையத்திலும் அமைக்கவில்லை. அந்தப் பாளையங்கோட்டையிலேயே, ரஹ்மத் நகரில் எழுப்பினர். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே ஒருங்கே பயில்கின்றனர். அம்முடிவை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

நண்பரிடம் இவற்றையெல்லாம் விரித்துரைத்தோம். உள்ளிருந்து அவர் துணைவியார் கேட்டார்: “பெண்பிள்ளை நடந்தே போய்வரும் தொலைவில் பள்ளிக்கூடம் இருக்குமா?”

அது நமக்குத் தோன்றவே இல்லை.