அஜ்மல் முதல் அஜ்மலின் வரை

சாகாமம் தொடங்கிக் கல்முனை வரை, நம் பள்ளிக்கூட இடாப்புகளில் அஜ்மல் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. அறபியில் 'ஜமீல்' அழகானவர். 'அஜ்மல்' அவரிலும் அழகானவர். இதனோடு 'இன்' சேர்ந்தால் இருதய மருந்தொன்றின் பெயர்: அஜ்மலின். கினின், மோர்பின் போலத் தாவர அல்கலோயிட்டுகளுக்கு இரசாயனவியலார் ஒட்டும் விகுதி அது.

இருதயக் கலத்தின் மென்சவ்வில் சோடியம் நுழையும் வாயில்கள் உண்டு. அவை திறந்து சோடியம் பாய்ந்தால்தான் ஒவ்வொரு துடிப்பும் கிளம்பும். அஜ்மலின் அந்த வாயில்களை அடைக்கிறது. மின்துடிப்பு மெதுவாகப் பரவும். தாறுமாறான ஓட்டம் அடங்கும். புருகாடா நோய்க்காரருக்கோ இவ்வாயில்கள் பிறப்பிலேயே நலிந்திருக்கலாம். அவரது ஈ.சி.ஜி. சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் தூக்கத்திலேயே மரணம் வரலாம். ஐயம் எழுந்தால், அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அஜ்மலினைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை நாளத்தில் மெல்ல ஏற்றுவார்கள். நோய் இருந்தால், நெஞ்சின் வலப்பக்கக் கம்பிகள் காட்டும் கோடு சில நிமிடங்களில் மேலெழுந்து, வளைந்து சரியும். ஒளிந்திருந்த நோய் அப்போது தாளில் தெரியும்.

மருந்தின் மூலம் சர்ப்பகந்தா வேர், சிங்களத்தில் ஏகவேரிய. வேரை அவித்துக் குடித்து இந்தப் பலனைத் தேடவே கூடாது. அதிலேயே ரெசர்பினும் இருக்கிறது. அது இரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வும் தரும். செடியின் தாவரவியல் பெயரான றவுல்ஃபியா, 16ஆம் நூற்றாண்டு ஜேர்மன் மருத்துவர் றவுல்ஃபை நினைவூட்டுவது. அவர் மூலிகை தேடிப் போனது சிரியா, ஈராக் பக்கம். இந்தச் செடிக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அஜ்மலின் அப்படி வந்த பெயரல்ல. டில்லி திப்பியாக் கல்லூரியை நிறுவிய யூனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான், பிராங்பேர்ட்டில் இரசாயனம் படித்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கிக்குப் பணம் அனுப்பித் தாங்கியவர். யூனானி மூலிகைகளை நவீன ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும் என்பது ஹக்கீமின் ஆசை. 1927 டிசம்பரில் அவர் மௌத்தானார். மறு ஆண்டு சித்தீக்கி திப்பியாவின் ஆய்வுகூடத்தைப் பொறுப்பேற்று, இந்த வேரைக் கையிலெடுத்தார். 1931இல் ஐந்து அல்கலோயிட்டுகள் வெளிவந்தன. நன்றி மறவாத மாணவர் பெயரிட்ட விதம் எனக்கு மிகப் பிடிக்கும். வெள்ளைப் பளிங்குகளான மூன்றும் அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிசின். மஞ்சளான இரண்டுக்குத்தான் செடியின் பெயர்: சர்ப்பென்டின், சர்ப்பென்டினின்.