துப்பாக்கி என்னும் குழல்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் தமிழர் 'இரட்டைக்குழல் துப்பாக்கி' என்பதை மலையாளிகள் 'இரட்டக்குழல் தோக்கு' என்பர். அடைமொழி இரு மொழிக்கும் பொதுச்சொத்து. கருவியின் பெயர் துருக்கிய மொழியிலிருந்து வந்தது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரி தொகுத்த துருக்கி அகராதியில் 'துவெக்' என்பது, மரப்பட்டையைக் குழலாக உருவி, சிறு உருண்டையிட்டுக் குருவி அடிக்கும் கருவி. வெடிமருந்து வந்ததும் அப்பெயர் இரும்புக் குழலுக்கு மாறியது. பாரசீகத்தில் துஃபங், இந்தியில் துபக், தெலுங்கில் துபாகி எனப் பரவியது. ஆக, துப்பாக்கி என்றாலே குழல்தான். பழைய இரட்டைக்குழலை அடையாளம் காணவும் மதிப்பிடவும் இச்சொல்லே வழிகாட்டுகிறது என்பது என் முடிவு.

திருக்குறளிலேயே 'துப்பாக்கி' உண்டே, அது தமிழ்ச்சொல்தானே என்பர் சிலர். வான்சிறப்பு அதிகாரத்தில் வருவது உணவை ஆக்கி என்னும் வினையெச்சம், மழையைப் பற்றியது. ஒலி ஒன்றானதால் வேர் ஒன்றாகிவிடாது. கருவி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட நூல், அதன் பெயருக்குச் சான்றாகாது. இரவல் சொல் என்பதில் இழிவும் இல்லை. சொல்லைப் போலவே பயிற்சியும் வெளியிலிருந்து வந்தது: 1741இல் குளச்சலில் தோற்ற டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய்தான் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். 

மதிப்பீட்டிலும் பலர் குழலை விட்டுவிட்டு, பக்கத்தகட்டின் பூவேலையையும் பொறித்த பெயரையும் பார்க்கிறார்கள். பெயரே விலையைக் கூட்டுகிறது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அப்பெயர் செய்தவருடையதாக இல்லாமல், விற்ற கடையுடையதாகவும் இருக்கலாம். குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால், 1813இல் சட்டப்படி அமைந்த பர்மிங்காம் சோதனைச்சாலை போன்றவற்றின் முத்திரைகள் தெரியும். முத்திரைகள் காலந்தோறும் மாறியதால், துப்பாக்கியின் வயதை அவற்றால் கணிக்கலாம். குழலின் அளவு '12 போர்' (bore) என்றால், குழல் வாயளவு ஈய உருண்டைகள் பன்னிரண்டு ஒரு பவுண்டு எடை. விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழலில் அலையலையாய் வரி ஓடினால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கி இணைத்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்துக் காலத்துக் குழலில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை இட்டால் வெடித்துச் சிதறும் ஆபத்து உண்டு. உள்ளே துரு அரித்த குழி, வெளியே நசுங்கல், இரு குழலும் இணையும் பட்டையில் விரிசல் இருந்தால், எத்தனை புகழ்பெற்ற பெயரானாலும் விலை சரியும்.

பழையது என்பதால் உரிமம் வேண்டாம் என எண்ணுவதும் தவறு. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தும் சுட இயலாத தொன்மைப் படைக்கலனுக்கு விலக்கு அளிக்கிறது. பாட்டனார் விட்டுச்சென்ற இரட்டைக்குழல் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் உரிமத்தைச் சரிபாருங்கள். பிறகு தகுதியுள்ள துப்பாக்கிக் கம்மியரிடம் குழலைக் காட்டுங்கள். விலை பேசுவது அதற்குப் பின்னரே.