குறியீட்டுக்குள் அடைபட்ட விவரம்: மும்பை வங்கிக் கணினிமுறையில் கிளைச் சுட்டலின் வளர்ச்சி

வங்கி மென்பொருளில் ஒவ்வொரு பணப்பரிமாற்றத்தோடும் கிளையின் பெயரும் ஊரும் முகவரியும் திரும்பத் திரும்பப் பதியப்படுவதில்லை. அவை தனிப் பட்டியல் ஒன்றில் ஒருமுறை மட்டும் இருக்கும். பரிமாற்றப் பதிவில் கிளையின் குறியீடு நின்று அந்த விவரங்களைச் சுட்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் அமைத்தது. இந்திய வங்கிகளின் குறியீடுகளோ அஞ்சல் துறையின் வழியைப் பின்பற்றின.

ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. தாராவிக்கு 400017, மாட்டுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துகளில் முகவரி என்ற சிக்கலுக்கு இது நல்ல தீர்வு. திருநெல்வேலியிலிருந்து தமிழில் முகவரி எழுதி வந்த கடிதத்தைத் தமிழ் அறியாத ஊழியரும் தாராவிக்குப் பிரித்துவிடலாம். முதல் மூன்று இலக்கங்கள் பகுதியையும் மாவட்டத்தையும் காட்ட, கடைசி மூன்றும் அஞ்சல் நிலையத்தைக் காட்டின. விவரம் எண்ணுக்குள்ளேயே இருந்தது.

1980-களில் பெருநகரக் காசோலைத் தீர்வகங்களுக்கு வந்த எம்.ஐ.சி.ஆர். குறியீடு அதே கட்டமைப்பை எடுத்துக்கொண்டது. காந்த மையில் அச்சிட்ட ஒன்பது இலக்கங்களில் முதல் மூன்று நகரத்துக்கு, அடுத்த மூன்று வங்கிக்கு, மீதி கிளைக்கு. மும்பைக்கு 400, சென்னைக்கு 600 என நகர எண்கள் அஞ்சல் குறியீட்டிலிருந்தே வந்தன.

2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ்., 2005 நவம்பரில் நெஃப்ட் என மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி மின்னணுப் பணமாற்று முறைகளைத் தொடங்கியது. இவற்றில் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. பதினொரு இடங்கள் கொண்டது: முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது பூஜ்யம், மற்ற ஆறும் கிளைக்கு. பார்த்தவுடன் வங்கி தெரிவது எழுத்தருக்கு வசதிதான். வங்கியே மறைந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் வடிவமைப்பில் இடம்பெறவில்லை.

2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. கிளை அதே தெருவில் இருந்தது. உரிமை மட்டுமே மாறியது. ஆயினும் எஸ்.ஒய்.என்.பி. என்று தொடங்கிய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. சம்பளப் பட்டியல், தவணைக் கட்டளை, ஓய்வூதியக் கோப்பு என அக்குறியீட்டைத் தாங்கிய ஒவ்வொரு பதிவையும் திருத்த நேர்ந்தது. காசோலைப் புத்தகங்களும் மாறின. பொருளற்ற ஓர் எண்ணைச் சுட்டியாக வைத்து, வங்கியின் பெயரைப் பட்டியலில் விட்டிருந்தால், ஒரே இடத்தில் திருத்தம் போதுமாயிருக்கும். இந்தச் சுமையின் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. அதைச் சுமந்தவர்களோ வடிவமைப்பில் பங்கில்லாத வாடிக்கையாளர்கள்.

தாராவியை ஒட்டிய பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இயங்கும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. பணமாற்று முறை, குறியீட்டுக்கும் வங்கிக்கும் இடையிலான இந்தப் பிணைப்பைத் தளர்த்தியது. பணம் பெறுபவரின் கணக்கு எண்ணும் கிளையும் அனுப்புபவருக்குத் தெரிய வேண்டியதில்லை; யு.பி.ஐ. முகவரி அவற்றை உள்ளே சுட்டுகிறது. தாராவித் தோல்கடைக்காரர் அம்முகவரியை வேறு வங்கிக் கணக்கோடு இணைத்தாலும் கடையில் ஒட்டிய க்யூஆர் அட்டையை மாற்ற வேண்டியிருக்காது. ஆனாலும் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்வரும் பகுதி சேவை தரும் நிறுவனத்தையே குறிக்கிறது. நிறுவனத்தை மாற்றினால் முகவரியும் மாறும். பழைய பிணைப்பில் அந்தப் பகுதி இன்னும் அறுபடவில்லை.