பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

தமிழகத்து வீடுகளில் பழைய பொருள்கள் குப்பைக்குப் போகாமல் மறுபடியும் புழக்கத்துக்கு வந்ததற்கு மக்களின் சிக்கன உணர்வே காரணம் என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். பித்தளை, செம்பு, வெண்கலப் பாத்திரங்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பாகவும் இருந்தன என்பதும், அவற்றைச் செப்பனிடவும் விலைக்கு எடுக்கவும் வீட்டு வாசலுக்கே ஆள் வந்தார் என்பதும் மற்றப் பாதி. சீராக வந்த குடமும் அண்டாவும் எடைக்கு விலை போயின, முடை வந்தால் அடகுக்கும் போயின. ஓட்டை விழுந்த பின்னும் பாத்திரக்கடையில் அவற்றை எடை போட்டுக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் தொகையைக் கட்டிப் புதியதை வாங்கிக்கொள்ள முடிந்தது. கழுத்தருகே உளியால் வெட்டிய பெயர் உலையில் அழிந்தது, உலோகம் அழியவில்லை.

பித்தளையில் புளியோ மோரோ நின்றால் களிம்பு ஏறும். அதாவது புளிப்புப் பட்ட செம்பு பச்சை நிற நச்சுப் படலமாக மாறும் என்பதால், சமையல் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசுவது வழக்கமாயிற்று. தெருமுனையில் சிறு குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரியை மூட்டும் ஈயம் பூசுபவர், நன்றாகத் தேய்த்துக் கழுவிய பாத்திரத்தை நெருப்பின்மேல் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவித் துணியால் துடைப்பார். குப்பென்று வெண்புகை எழும். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடை அந்தச் சாரம் நீக்குவதால்தான் ஈயம் பிடிக்கிறது. பிறகு ஈயத்தைச் சிறிது வைத்துத் தேய்த்தால், 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும் அவ்வுலோகம் துணி போகும் வழியெல்லாம் வெள்ளியாய்ப் பரவும். ஆங்கிலேயர் காலத்தில் பெரும்பாலும் மலாயாவிலிருந்து வந்த வெள்ளீயம் விலை மிகுந்தது. ஆகவே அதில் காரீயத்தைக் கலந்து பூசியோரும் உண்டு, அதன் நஞ்சு களிம்புக்குக் குறைந்ததன்று. பழைய சமையலறையைப் புகழ்வோர் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

பித்தளைக்கு இருந்த மதிப்பு இரும்புக்கு இல்லை. பிடி போன வாணலி, துருப்பிடித்த வாளி, உடைந்த தாழ்ப்பாள் ஆகியவற்றைக் கூவி வாங்கிய தெரு வியாபாரி காசுக்குப் பதிலாகப் பேரீச்சம்பழம் கொடுத்தார். பஸ்ரா முதலிய வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் வந்திறங்கிய இப்பழம் எளிதில் கெடாது, கூடையில் சுமந்து திரிவதற்கு ஏற்றது. வீட்டிலுள்ள சிறுவர்களே இரும்பைத் தேடி எடுத்து வருவதற்கு அதன் இனிப்பும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஓடாத வாகனத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லும் கேலி இன்றும் மறையவில்லை. இவ்வாறு சேர்ந்த இரும்பு காயலான் கடையில், அதாவது கழிபொருள்களை மொத்தமாக வாங்கி வகை பிரிக்கும் கடையில், தரம் பார்த்து ஒதுக்கப்பட்டு வார்ப்பாலைகளுக்குப் போனது; தண்ணீர்ப் பம்புக்குப் பெயர் பெற்ற கோயம்புத்தூரின் வார்ப்படத் தொழிலுக்கும் கழிவு இரும்பு ஒரு மூலப்பொருள்.

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு, எவர்சில்வர் என்ற பெயரில் தமிழ்ச் சமையலறைக்குள் பரவியபோது ஈயம் பூசும் தொழில் பிழைப்பை இழந்தது. பல வீடுகளில் பழைய பித்தளையே அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த பிளாஸ்டிக்கைச் செப்பனிட எவரும் இல்லை. ஆயினும் தெரு வியாபாரி தம் பண்டத்தை மாற்றிக்கொண்டு, உடைந்த குடத்துக்கு வெங்காயமும் பூண்டும் கொடுக்கத் தொடங்கினார்.

குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்றும், கழிபொருள் சேகரிப்போரை உள்ளாட்சி அமைப்புகள் தம் ஏற்பாட்டில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது. எனினும் தின்பண்டங்கள் அடைத்து வரும் பளபளப்பான பல அடுக்கு உறைகளைத் தெரு வியாபாரி வாங்குவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கிடக்கும் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால், காயலான் கடையில் அவற்றுக்கு விலை கிடையாது.