மண்டிப் பால்

எங்கள் பாட்டி பாலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தே, முதல் நாள் மாடு எங்கே மேய்ந்தது என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் காலையில் பால் ஊற்ற வந்த கோனாரைத் திண்ணையிலேயே நிறுத்திவிட்டாள்.

“ஏன் கோனாரே, மாட்டை வெங்காயக் கொல்லையில் விட்டீரா?”

“இல்லையே, ஆச்சி!”

“இல்லையா? இந்தாரும், நீரே குடித்துப் பாரும்.”

குடித்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். மேய்க்கப் போன பையன் அறுவடையான கொல்லையில் விட்டிருக்கிறான், தாள் கிடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அன்று அந்தப் பால் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறவில்லை.

மாடு தின்றதுதான் பாலில் வரும் என்பதைத் தெரிந்துகொள்ள ரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை. பாட்டிக்கு எழுத்தே தெரியாது. ஆனால், பத்திரிகைகளும் வைத்தியர்களும் சட்டசபையும் நிறைந்த ஒரு மாபெரும் நகரம் இந்த எளிய விஷயத்தை ஒரு தலைமுறைக் காலம் பார்க்க மறுத்தது. அந்த நகரம் நியூயார்க். அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து, பால் செம்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

1820-ல் நியூயார்க் நகரத்து ஜனத்தொகை சுமார் 1,23,000. 1840-ல் அது 3,12,000. 1860-ல் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடுகள் பெருகப் பெருக மேய்ச்சல் நிலங்கள் மறைந்தன. ஊருக்கு வெளியே பசும்புல் இருந்தது. ஆனால் பால் நெடுந்தூரம் வண்டியில் குலுங்கி வந்தால் திரிந்துபோகும். ஆரஞ்சு கவுண்டி என்ற நல்ல மேய்ச்சல் ஜில்லாவிலிருந்து ரயிலில் பால் வரத் தொடங்கியதே 1842-ஐ ஒட்டித்தான். அதுவும் ஊர் முழுவதற்கும் போதவில்லை. வீட்டுக்கு வீடு குழந்தைகள். ஏழைத் தாய்மார்கள் வேலைக்குப் போகிறார்கள். பால் வேண்டும், மலிவாக வேண்டும்.

அந்த மலிவுப் பாலைக் கொடுக்க முன்வந்தவர்கள் சாராயம் காய்ச்சும் முதலாளிகள்.

தானியத்தை வேகவைத்துப் புளிக்க வைத்துச் சாராயம் வடித்த பிறகு, அண்டாவின் அடியில் கொதிக்கக் கொதிக்க ஒரு கஞ்சி மிஞ்சும். நம் பாஷையில் மண்டி என்று சொல்லிவிடலாம். ஆற்றில் கொட்டினால் காசில்லை. ஆகவே வடிசாலைச் சுவரை ஒட்டி நீளமான மரக் கொட்டகைகளைக் கட்டினார்கள். மரக்கால்வாய் வழியாக மண்டி நேரே கொட்டகைக்குள் ஓடி, மாடுகளின் முன்னால் இருக்கும் தொட்டியில் ஆவி பறக்க விழும். பால்காரன் தன் மாட்டைக் கொண்டுவந்து கட்டி, தலைக்கு இவ்வளவு என்று தினமும் வாடகை கொடுத்தால் போதும். புல் வேண்டாம், வைக்கோல் வேண்டாம், மேய்க்க ஆள் வேண்டாம். மாடு மீண்டும் வெளியே வருவது செத்த பிறகுதான்.

புதிதாக வந்த மாடு அந்தக் கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பட்டினி போட்டால் இரண்டொரு நாளில் குடிக்கும். பிறகு அதையே குடிக்கும். நெருக்கமாகக் கட்டிய கட்டுத்தறியில் திரும்பிப் படுக்கவும் இடமில்லாமல், தன் சாணத்திலேயே நின்று, சூடான புளித்த கஞ்சியை மாதக்கணக்கில் குடித்த மாடுகளுக்குப் பல் ஆடி விழுந்தது, குளம்பு வளர்ந்து கோணியது, உடம்பெல்லாம் புண். ஆனாலும் பால் கறந்தன. அதுதான் முதலாளிக்கு வேண்டியது.

அந்தப் பால் நீலம் பாய்ந்து, நீர்த்து இருந்தது. கடைந்தால் வெண்ணெய் திரளாது. அதனால் விற்பவர்கள் சுண்ணாம்புத் தூளும் மாவும் கலந்து வெளுப்பும் கெட்டியும் ஏற்றினார்கள். வண்டியின் பக்கத்தில் ‘கிராமத்துச் சுத்தமான பால்’ என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள். வண்டியில் எழுதிய எழுத்து மட்டும் கலப்படமில்லாத பெயிண்டு என்று நினைக்கிறேன்.

இதை முதலில் விரிவாக எழுதியவர் ராபர்ட் ஹார்ட்லி. இங்கிலாந்தில் பிறந்தவர்; நியூயார்க்கில் மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி. சாராயத்தை எதிர்த்துப் போராடக் கிளம்பியவர் வடிசாலைக்குப் பின்புறம் போய்ப் பார்த்து, பாலைக் கண்டுபிடித்தார். 1842-ல் பாலைப் பற்றி ஒரு கனமான புத்தகத்தையே எழுதி வெளியிட்டார். அதில் பாலின் சரித்திரம், வேத வசனம், வைத்தியர்களின் சாட்சியம் எல்லாம் இருந்தன. நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் கனமான புத்தகங்களுக்கு உள்ள கதிதான் அதற்கும். நாலு பேர் படித்தார்கள், நாற்பது பேர் பாராட்டினார்கள், கால்வாயில் மண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த ஆண்டே ஒரு புதுத் துன்பம் சேர்ந்தது. 1843-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கப்பலின் மாடு புரூக்ளினில் விலைபோயிற்று. அதோடு மாடுகளின் நுரையீரலைத் தின்னும் ஒரு தொற்றுநோயும் கரையிறங்கியது. அடைத்த கொட்டகைகளில் அது நெருப்பாகப் பரவியது. 1852-ல் பெல்ஜியத்தில் வில்லெம்ஸ் என்ற டாக்டர் இந்த நோய்க்கு ஒரு தடுப்பு முறையை வெளியிட்டார்: நோயுற்ற மாட்டின் நுரையீரல் நீரை எடுத்து, நல்ல மாட்டின் வால் நுனியில் கீறி வைப்பது. முறை தவறானதல்ல. ஆனால் அழுக்குக் கத்தியும் அழுக்குக் கொட்டகையும் சேர்ந்தபோது வால் அழுகி விழுந்தது. மொட்டை வாலோடு வரிசை வரிசையாக நின்ற அந்த மாடுகளால், அந்தப் பாலுக்கே ‘மொட்டைவால் பால்’ என்று ஒரு பெயர் வந்தது.

பதினாறு ஆண்டுக்குப் பிறகு வந்தவர் வேறு வகை மனிதர். அவரும் இங்கிலாந்துக்காரர். அப்பா கையுறை வியாபாரி. மகன் கடையில் உட்காராமல் படம் செதுக்கப் போகிறான் என்று அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று, ஹென்றி கார்ட்டர் என்ற தம் பெயரை மறைத்து ஃபிராங்க் லெஸ்லி என்று கையெழுத்திட்டார். (புனைபெயர் வைத்துக்கொள்வதற்கு எங்கள் ஜாதியில் பல பேருக்கு இதே காரணம்தான்.) 1848-ல் அமெரிக்கா போய், 1855 இறுதியில் தம் பெயரிலேயே ஒரு படப் பத்திரிகை தொடங்கினார். அந்நாளில் போட்டோவை அப்படியே அச்சிட முடியாது. மரக்கட்டையில் படம் வரைந்து செதுக்க வேண்டும். பெரிய படத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். லெஸ்லியின் ஆபீஸில் கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, இரவோடிரவாகச் செதுக்கி முடித்து மறுபடி இணைத்துவிடுவார்கள். சூடு ஆறுவதற்குள் படம் வந்துவிடும்.

1858 மே மாதம் அந்தப் படங்கள் வெளிவந்தன. கொட்டகையின் உட்புறம், புண்பட்ட மாடுகள், மொட்டை வால்கள். அதில் ஒன்றைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: நிற்க முடியாத ஒரு மாட்டை வயிற்றில் வார் கொடுத்துத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், ஒருவன் கீழே உட்கார்ந்து கறக்கிறான். ஹார்ட்லியின் அத்தனை பக்கங்களும் செய்யாததை அந்த ஒரு படம் செய்தது. எழுத்தாளனாக இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சற்று வருத்தம்தான். அதோடு லெஸ்லி நிற்கவில்லை. பால் வண்டிகளைப் பின்தொடர ஆள் போட்டு, எந்தெந்த வீட்டு வாசலில் நிற்கின்றன என்று விலாசங்களையே அச்சிட்டார். காலையில் பத்திரிகையைப் பிரித்து, தன் வீட்டு எண்ணையே அதில் பார்த்த ஒரு தாய் என்ன செய்திருப்பாள்? தொட்டிலைத்தான் முதலில் போய்ப் பார்த்திருப்பாள்.

ஓராண்டில் எண்ணாயிரம் குழந்தைகள் இந்தப் பாலால் இறந்தன என்று அந்நாளில் எழுதினார்கள். அந்தத் தொகையை நான் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை. கோடையில் வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளில், பாலால் இறந்தது எது, தண்ணீரால் இறந்தது எது என்று யார் பிரித்தார்கள்? ஆனால் கோபத்தில் பெருக்கிய தொகை என்றாலும், அதன் அடியில் இருந்த சின்னச் சவப்பெட்டிகள் பொய்யல்ல.

நகரசபை ஒரு விசாரணைக் கமிட்டி போட்டது. அதில் முன்னால் நின்றவர் மைக்கேல் டூமி என்ற அங்கத்தினர். வடிசாலைக்காரர்களின் பக்கம் நின்று சாட்சிகளைக் குடைந்தார். கமிட்டி பார்க்க வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, கொட்டகைகள் கழுவிச் சுத்தமாக இருந்தன. முடிவில், மண்டிப் பாலால் கெடுதல் என்பதற்கு ஆதாரமில்லை, கொட்டகைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று அறிக்கை வந்தது. அங்கத்தினர்கள் ஒரு மாட்டுக்கு வெள்ளையடிப்பதாக லெஸ்லி படம் போட்டார்.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இன்றைக்கு உலகமெங்கும் வடிசாலைத் தானியச் சக்கையை உலர்த்தி மாட்டுக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலக்கிறார்கள். நம் நாட்டிலும் கலக்கிறார்கள். மாவுச்சத்து சாராயமாகப் போய்விட்டாலும் புரதம் அதில் மிஞ்சுகிறது. ஆகவே மண்டி விஷமல்ல. நம் வீட்டு மாடும் கழுநீர் குடிக்கிறது. ஆனால் பக்கத்தில் வைக்கோல் போட்டிருக்கிறோம். வித்தியாசம் அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்து ஒருவகை அமிலமாக்குகின்றன. பாலின் கொழுப்பில் பெரும்பகுதி அதிலிருந்து உருவாகிறது. நாரே கொடுக்காவிட்டால் கொழுப்புக்கு எங்கே போகும்? அதனால்தான் வெண்ணெய் திரளவில்லை. நிறமும் அப்படியே. பசுவின் வெண்ணெய்க்கு வரும் மஞ்சள், பசும்புல்லில் உள்ள கரோட்டின் என்ற பொருளிலிருந்து வருகிறது. 1914-ல் அமெரிக்காவில் பாமர், எக்கிள்ஸ் என்ற இருவர் இதை விளக்கினார்கள். முட்டையின் மஞ்சள் கருவும் கோழி கொத்தியதைப் பொறுத்தே சிவக்கிறது, வெளுக்கிறது. (எருமைப்பால் வெளுப்பாயிற்றே என்று கேட்பீர்கள். எருமை அந்தக் கரோட்டினை ஏ வைட்டமினாக மாற்றிவிட்டுத் தருகிறது. அதைக் குறை சொல்ல வேண்டாம்.) ஆண்டு முழுவதும் ஒரு பச்சைப் புல்லைக் காணாத மாட்டின் பால் வேறு எந்த நிறத்தில் இருக்கும்?

ஹார்ட்லி சாராயத்தின் பாவம் பாலில் இறங்குகிறது என்று நம்பினார். பாவம் சாராயத்தில் அல்ல, தொழுவத்தில் இருந்தது. நோய் மாட்டைக் கறந்த கழுவாத கை, சாணம் தெறித்த வாளி, கோடை வெயிலில் நின்ற பீப்பாய், இவையெல்லாம் சேர்ந்துதான் குழந்தையின் வயிற்றுக்குப் போயின. அவரையும் குறை சொல்ல முடியாது. கிருமி என்ற விஷயத்தைப் பாஸ்டர் விளக்க இன்னும் காலம் இருந்தது.

இந்தக் கலவரத்தில் லாபம் அடைந்தவர் கெய்ல் பார்டன். பாலைச் சுண்டவைத்து டப்பாவில் அடைக்கும் முறைக்கு 1856-ல் உரிமை பெற்றும் வியாபாரமில்லாமல் தவித்தவர் அவர். மண்டிப் பாலின் மேல் ஜனங்கள் வெறுப்படைந்த சமயம் பார்த்து விளம்பரம் கொடுத்தார். ஆனால் ஒன்று: தமக்குப் பால் தரும் விவசாயிகள் மடியைக் கழுவிக் கறக்க வேண்டும், தொழுவம் பெருக்கியிருக்க வேண்டும், வடிகட்டியை இரு வேளையும் வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும் என்று கண்டிப்பாக விதி வைத்தார். வியாபாரிதான், ஆனாலும் கமிட்டியைவிட அவருக்குப் பால் தெரிந்திருந்தது.

1862-ல் நியூயார்க் மாகாணச் சட்டசபை கலப்படப் பாலைத் தடுத்துச் சட்டம் செய்தது. அதில் மண்டியைப் பற்றித் தெளிவாக இல்லை என்று வடிசாலைக்காரர்கள் தப்பப் பார்க்க, 1864-ல் திருத்தம் வந்தது. அப்படியும் ஊர் எல்லையில், புரூக்ளின் பக்கத்தில், கொட்டகைகள் பல ஆண்டுகள் இருந்தன. கப்பலில் வந்த அந்த நுரையீரல் நோயை ஒழிக்கவென்றே 1884-ல் ஒரு தனி இலாகா ஏற்படுத்தி, 1892-ல்தான் அமெரிக்கா அதிலிருந்து விடுபட்டது.

அடுத்த ஆண்டு, 1893 கோடையில், நேதன் ஸ்ட்ராஸ் என்ற பெரிய கடை முதலாளி கிழக்கு மூன்றாம் தெருவின் படகுத்துறையில் ஒரு பால் நிலையம் திறந்தார். அங்கே கிராமத்திலிருந்து வந்த நல்ல பாலைக்கூடச் சூடுபடுத்திக் கிருமி நீக்கிய பிறகே புட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். காசு இல்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகவும் கிடைத்தது.