ஏஸ் பெய்லி திருப்பிக் கொடுத்த இலக்கம்

ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் அரங்கில் அண்ணாந்து பார்த்தால் கூரையடியில் வரிசையாக இலக்கங்கள் தொங்கும். 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொடாத அணி, 13 சட்டை இலக்கங்களுக்கு ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறது. சமையல் நடக்காத வீட்டில் மாலை போட்ட படங்கள் மட்டும் கூடிக்கொண்டு போகின்றன என்று நான் சொன்னால், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த என் மகனுக்குக் கோபம் வரும்.

இந்த வழக்கம் பெருமையில் தொடங்கவில்லை, ஓர் அடிதடியில் தொடங்கியது. 1933 டிசம்பர் 12 இரவு, பொஸ்ரன் கார்டன் அரங்கு. ரொறொன்ரோ ஆட்டக்காரர் ஒருவர் விழுத்திவிட்ட ஆத்திரத்தில் பொஸ்ரனின் எடி ஷோர் எழும்பி, கண்ணில் பட்டவரைப் பின்னாலிருந்து இடித்தார். இடிபட்ட ஏஸ் பெய்லிக்கும் அந்த விழுத்தலுக்கும் சம்பந்தமே இல்லை. தலைக்கவசம் போடாத காலம். பனித்தளத்தில் மோதி மண்டை உடைந்தது. உடனே ரொறொன்ரோவின் ரெட் ஹோர்னர் விட்ட குத்தில் ஷோரும் தலையடிபட விழுந்தார். பெய்லிக்கு இரண்டு சத்திரசிகிச்சைகள். உயிர் தப்பியது, ஆட்டம் முடிந்தது. 1928-29 பருவத்தில் லீக்கிலேயே கூடிய புள்ளி எடுத்தவருக்கு அப்போது வயது 30.

1934 பெப்ரவரி 14இல் அவருக்குப் பணம் சேர்க்க, லீஃப்ஸ் அணிக்கும் மற்ற அணிகளின் நட்சத்திரங்களுக்கும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஷோரும் நின்றார். பெய்லி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார், அரங்கு அதிர்ந்தது. லீஃப்ஸில் இனி எவரும் 6ஆம் இலக்கம் அணியமாட்டார் என்று அணியின் தலைவர் கொன் ஸ்மைத் அறிவித்தது அந்த இரவில்தான். லீக்கில் ஓய்வு பெற்ற முதல் இலக்கம் அது.

அடுத்தது பில் பரில்கோவின் 5. 1951 ஏப்ரலில் கிண்ணத்தை வென்றுகொடுத்த கோலை அடித்தவர், ஓகஸ்டில் மீன்பிடிக்கப்போன சிறு விமானத்தோடு காணாமல் போனார். 1962இல்தான் உடல் கிடைத்தது. பெரிதாகச் சாதித்தும், விபத்தால் ஆட்டம் அறுந்துபோனவருக்கே ஓய்வு என்று அணி வெகுகாலம் கறாராக இருந்தது. மற்றப் பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பதாகை ஏறும், ஆனால் இலக்கம் புழக்கத்தில் இருக்கும். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

பெய்லி அதற்கும் ஒரு படி மேலே போனார். ஆட முடியாதவர் ரொறொன்ரோ அரங்கிலேயே நேரக் கணிப்பாளராக நெடுங்காலம் வேலை பார்த்தார். றொன் எல்லிஸ் என்ற இளைஞனின் ஆட்டம் அவருக்குப் பிடித்துப்போனது. 1968இல் தன் 6ஐ அவருக்குக் கொடுக்கச் சொன்னார். எல்லிஸ் 1981இல் ஆட்டத்தை விடும்வரை அதை அணிந்தார். கூரையில் கிடந்த இலக்கம் மறுபடியும் வியர்வை கண்டது. யாருக்குக் கொடுப்பது என்று சொல்லும் உரிமை அதற்குரியவரிடமே இருந்தது, நிர்வாகத்திடம் அல்ல.

இலக்கம் புழக்கத்தில் இருப்பதன் பலனுக்கு 27ஐப் பாருங்கள். பிராங்க் மஹோவ்லிச் 1968இல் போனதும் அதைப் பூட்டியிருந்தால், 1970இல் வந்த டாரில் சிற்லருக்கு அது கிடைத்திராது. 1976 பெப்ரவரி 7இல், அதே பொஸ்ரனுக்கு எதிராக ஆறு கோல், நான்கு உதவி என்று ஒரே ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்தபோது சிற்லரின் முதுகில் இருந்தது 27தான்.

2016இல், நூற்றாண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி, பதாகையில் இருந்த இலக்கங்கள் அத்தனைக்கும் ஒரேயடியாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 27உம் அதோடு போனது.

"அப்பா, லீஃப்ஸ் ஆட்டக்காரன் மத்தியூஸின்ர 34ஐயும் ஒருநாள் ஏத்துவினம் பாருங்கோ" என்கிறான் மகன்.

"ஏத்தட்டும். முதல்ல கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லு. பிறகு, பெய்லி செய்தமாதிரி, தனக்குப் பிடிச்ச ஒரு பெடியனுக்கு அதைக் குடுக்கச் சொல்லு" என்றேன்.